கடைசிப் பெயர்

கிளென்மோர் எஸ்டேட், மேல் டிவிஷன்,
தானா ராத்தா.
12 மார்ச் 1978

அன்புத் தம்பி நாகரத்தினத்துக்கு,

அக்கா திலகம் எழுதுகிறேன். மலையில் மழை. மற்றபடி நானும் மாமாவும் சுகம். கோலாலம்பூர் வெயிலில் நீ கறுத்துப் போகாமல் இருக்கிறாயா?

ஜனவரியில் வந்து துரை பங்களாவில் ஒரு வாரம் தங்கினாய். கூடப்பிறந்தவள் வீட்டில் ஒரு கோப்பைத் தேநீரோடு சரி. கம்பெனி செலவில் வந்த பெரிய மனிதர், என்ன செய்வது! ஆனால் நீ சொல்லிவிட்டுப் போனதையெல்லாம் துரை ஒன்றுவிடாமல் செய்துவிட்டார். இனிமேல் கங்காணி கிடையாது. ரெங்கசாமிக் கங்காணியைத் தொழிற்சாலைக்கு மாற்றிவிட்டார்கள். ஒவ்வொரு கும்பலும் தனக்கு ஒரு தலைவரைத் தானே தேர்ந்தெடுக்க வேண்டும், காலைப் பெரட்டில் எல்லோரையும் நிற்கவைத்துப் பெயர் கூப்பிடுவதும் அவரேதான் என்றார்கள். எங்கள் கும்பலில் யாரைத் தேர்ந்தெடுத்தார்கள் தெரியுமா? உன் அக்காவைத்தான்! "திலகத்துக்குத்தான் தொண்டை இருக்கு. மலைக்கு அந்தாண்ட நிக்கிறவனுக்கும் கேக்கும்லா" என்று சீதா எடுத்துவிட, பெண்கள் எல்லோரும் கை தூக்கிவிட்டார்கள்.

இத்தனை வருடம் "ஏய் நொண்டி", "ஏய் கறுப்பி" என்று கேட்டவர்கள். முதல் நாள் அவரவர் முழுப் பெயரை நான் வாசித்தபோது பாதிப் பேர் பதில் சொல்ல மறந்து நின்றார்கள். வேலம்மா அழுதேவிட்டாள். நீ நல்ல வேலைதான் பார்க்கிறாய் தம்பி.

ஒரு சின்னச் சங்கடம். சிரிக்காதே. மாமாவும் என் கும்பலில்தான் இருக்கிறார், கடைசிப் பெயர் அவருடையது. அந்த இடம் வந்ததும் எனக்கு வாய் அடைத்துக்கொண்டது. கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பெயரை நான் சொன்னதும் இல்லை, எழுதியதும் இல்லை. கடைசியில் "நம்ம வீட்டு ஆளு" என்று சொல்லிவைத்தேன். எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்துக்கொண்டேதான் "இருக்கேன்" என்றார்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா,
திலகம்


கோலாலம்பூர்,
25 மார்ச் 1978

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன். கறுப்பதற்கு இனி என்னிடம் இடமில்லை. உன் கடிதத்தை ஆபீசில் வைத்தே படித்து, பக்கத்து மேசைக்காரரிடம் "எங்க அக்கா தலைவியாகிட்டாங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் கட்சித் தலைவி என்று நினைத்துக் கை குலுக்கினார்.

"உங்கள் ஆட்களை மனிதர்களாக நடத்துங்கள், வேலையும் நன்றாக நடக்கும் என்று கம்பெனி கம்பெனியாகப் போய்ச் சொல்வதற்கெல்லாமா சம்பளம்?" என்று நீ ஒருமுறை கேட்டாய். அதற்குத்தான் அக்கா. போன வருடம் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில், நாளெல்லாம் நின்றபடி பெட்டி ஒட்டிய பெண்களுக்கு நாற்காலி போடச் சொன்னேன். முதலாளி என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார். உற்பத்தி ஏறியதும் நாற்காலி தன்னுடைய யோசனை என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். திரியட்டும். பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், எனக்கு அது போதும்.

ஆனாலும் நான் செய்ததில் எனக்குப் பெரியது நம் தோட்டத்துப் பெரட்டுதான். கங்காணி "ஏய்" என்றால் அது அம்மா என்று தெரிந்து வளர்ந்தவன் நான். அவளுக்கு நாகம்மாள் என்று ஒரு பெயர் இருப்பதே என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அதனால்தான் எல்லோரையும் முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று துரைக்குக் கொடுத்த அறிக்கையில் எழுதினேன்.

மாமா சமாச்சாரம் படித்து வயிறு வலிக்கச் சிரித்தேன். இது எந்தக் காலம்? வேலப்பன் என்பது கெட்ட வார்த்தையா? கண்ணை மூடிக்கொண்டு ஒரு தரம் சொல்லிவிடு, பிறகு பழகிவிடும். "நம்ம வீட்டு ஆளு" மட்டும் வேண்டாம். எல்லோருக்கும் முழுப் பெயர் என்றால் மாமாவுக்கும்தான்.

உன்னால் பெருமைப்படும் தம்பி,
நாகரத்தினம்


கிளென்மோர் எஸ்டேட்,
4 ஜூன் 1978

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் இருவரும் சுகம். மாமாவுக்கு இருமல் விட்டுவிட்டது. உனக்குப் பெண் பார்க்கச் சொல்லிப் பெரியம்மா நச்சரிக்கிறாள், அதைப் பிறகு எழுதுகிறேன்.

நீ சொன்னபடி பலமுறை முயன்று பார்த்தேன். கண்ணை மூடினாலும் வரவில்லை. "அவரு" என்கிறேன், "கடைசி ஆளு" என்கிறேன். முதலில் எல்லோருக்கும் சிரிப்பாக இருந்தது. இப்போது அது வேறு மாதிரி போகிறது. கடையில் உட்கார்ந்திருக்கும் பையன்கள் மாமா தலையைக் கண்டதும் பெண் குரலில் அவர் பெயரைக் கூப்பிட்டு, "இருக்கேங்க" என்று அவர்களே பதிலும் சொல்லிக்கொள்கிறார்கள். அவர் கடைப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டார். போன வாரம் தேயிலைக் கொழுந்துக் கூடையைத் தொப்பென்று தரையில் வைத்துவிட்டு, "பொண்டாட்டி கூப்ட்டு ஆஜர் சொல்ற ஆம்பள இந்த மலையில நான் ஒருத்தன்தான்லா" என்றார். சிரித்துக்கொண்டு சொல்லவில்லை.

அவரை வேறு கும்பலுக்கு மாற்றிவிட்டால் போதும். ஆபீசில் கணக்கெழுதும் பழனியப்பன் கிராணியிடம் கேட்டேன். ஒரு வருடத்துக்கு யாரையும் கும்பல் மாற்றக்கூடாது என்று உன் தம்பிதானே எழுதியிருக்கிறார் என்று என்னையே திருப்பிக் கேட்டார். துரையிடம் நீ ஒரு வார்த்தை சொல்லேன். உனக்குச் செய்யாமல் இருக்க மாட்டார்.

உன் அக்கா,
திலகம்


கோலாலம்பூர்,
20 ஜூன் 1978

அன்புள்ள அக்காவுக்கு,

மாமாவின் இருமல் நின்றதில் சந்தோஷம். என் உடம்புக்குக் குறைவில்லை.

நீ கேட்டதை என்னால் செய்ய முடியாது அக்கா. கோபித்துக்கொள்ளாதே. ஆட்கள் ஒருவரையொருவர் நம்பிப் பழக வேண்டும் என்றுதான் அந்த ஒரு வருடத்தை வைத்தேன். அதை முதலில் மீறுகிறவன் நானாக இருந்தால், அதுவும் என் அக்கா புருஷனுக்காக இருந்தால், நாளைக்கு எந்த முதலாளி என் பேச்சைக் கேட்பான்? தோட்டத்து ஆட்களும் என்ன சொல்வார்கள்? கங்காணி காலத்தில் நடந்ததுதானே இது, அவரவர் சொந்தக்காரனுக்குச் சலுகை.

கேலி எல்லாம் கொஞ்ச நாள்தான். மாமா தங்கமான மனிதர், புரிந்துகொள்வார்.

உன் தம்பி,
நாகரத்தினம்


கிளென்மோர் எஸ்டேட்,
15 ஆகஸ்டு 1978

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் சுகம். நீயும் அப்படியே இருக்க மாரியம்மனை வேண்டிக்கொண்டேன்.

உன் உதவி இல்லாமலே வழி கண்டுபிடித்துவிட்டோம். மற்றப் பெயர்களை நான் வாசிக்கிறேன், கடைசிப் பெயர் வந்ததும் பக்கத்தில் நிற்கும் சீதா வாசித்துவிடுகிறாள். யாருக்கும் நஷ்டமில்லை. துரை கண்டும் காணாமல் இருக்கிறார். கடைப் பையன்களுக்கும் அலுத்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை மாமா என்னைப் பிரிஞ்சாங் டவுனுக்குக் கூட்டிப்போய்ச் சூடாக ஒரு தட்டு மீ கோரேங் வாங்கிக் கொடுத்தார் என்றால் பார்த்துக்கொள்.

எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது தம்பி. சொல்லவே வெட்கமாக இருக்கிறது. பால் குடிக்கும் பிள்ளை உள்ளவர்கள் கொஞ்சம் தாமதமாக வரலாம் என்று துரையிடம் நானே போய்க் கேட்டு வாங்கினேன். மழை வலுத்தால் கொட்டகைக்கு வா என்று சொல்கிறேன், வருகிறார்கள். முன்னெல்லாம் ஒதுங்கப் போவதற்குக்கூடக் கங்காணியின் முகத்தைப் பார்த்து நிற்போம். எங்களுக்குப் பிள்ளை இல்லாத குறை உனக்குத் தெரியும். காலையில் அத்தனை பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அத்தனை பேரும் எனக்குப் பதில் சொல்லும்போது, வீட்டுக்கு ஆட்கள் வந்துவிட்ட மாதிரி இருக்கிறது.

உன் அக்கா,
திலகம்


கோலாலம்பூர்,
2 அக்டோபர் 1978

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம், அலைச்சல்தான் அதிகம். உங்கள் சுகத்துக்கு எழுது.

பெரிய செய்தி. மற்றத் தோட்டங்களின் மேனேஜர்கள் சிலர் நம் பெரட்டை நேரில் பார்க்க வருகிறார்கள். நான்தான் அழைத்து வருகிறேன். அவர்களுக்குப் பிடித்துப்போனால் இதே முறை பல தோட்டங்களுக்குப் போகும். எத்தனை அம்மாக்களுக்குப் பெயர் கிடைக்கும் என்று நினைத்துப்பார்! எனக்கும் தனியாக ஒரு ஆபீஸ் தருவதாக எங்கள் கம்பெனி முதலாளி சொல்லியிருக்கிறார்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அன்று மட்டும் எல்லாப் பெயரையும் நீயே வாசி. சீதா நடுவில் வாசித்தால் ஏன் என்று கேட்பார்கள். நான் என்ன பதில் சொல்ல? தலைவியால் தன் புருஷன் பெயரைச் சொல்ல முடியவில்லை என்றால் முழுப் பெயர் என்ற பேச்சே கேலிக்கூத்தாகிவிடும். ஒரே ஒரு காலை அக்கா. எனக்காக.

உன் தம்பி,
நாகரத்தினம்


கோலாலம்பூர்,
6 நவம்பர் 1978

அன்புள்ள அக்காவுக்கு,

அன்று அவர்களோடேயே காரில் ஏற வேண்டியிருந்தது. உன்னிடம் சொல்லிக்கொள்ளக்கூட முடியவில்லை. சுகமாக வந்து சேர்ந்தேன்.

எப்பேர்ப்பட்ட காலை அது! ஆரம்பம் முதல் கடைசிவரை உன் குரல் கொஞ்சமும் தடுமாறவில்லை. கடைசியில் என்னைப் பார்த்தாய், ஒரு நொடி நிறுத்தினாய், பிறகு "வேலப்பன்" என்று கணீரென்று சொன்னாய் பார், எனக்குக் கண் கலங்கிவிட்டது. மேனேஜர்கள் அசந்துபோனார்கள். மூன்று தோட்டங்கள் உடனே ஒப்புக்கொண்டுவிட்டன.

மாமாதான் பதிலே சொல்லாமல் கூடையை வைத்துவிட்டுச் சரிவில் இறங்கிப் போனார். ஒருவர் என்ன என்று கேட்டார். அவசரமாக ஒதுங்கப் போகிறார் என்று சொல்லிச் சமாளித்தேன். கூச்சக்காரர்! நான் நன்றி சொன்னதாக அவரிடம் சொல். அடுத்த முறை வரும்போது அவருக்கு ஒரு நல்ல கம்பளிச் சட்டை வாங்கி வருகிறேன்.

உன் தம்பி,
நாகரத்தினம்


கோலாலம்பூர்,
20 ஜனவரி 1979

அன்புள்ள அக்காவுக்கு,

எப்படி இருக்கிறாய்? தீபாவளிக்குப் பிந்தி நான் போட்ட கடிதத்துக்குப் பதில் இல்லை. பொங்கல் வாழ்த்து அனுப்பினேன், அதற்கும் இல்லை. மாமாவுக்கு மறுபடி இருமலா?

எனக்குத் தனி ஆபீஸ் வந்துவிட்டது. அடுத்த மாதம் சிங்கப்பூரில் ஒரு கூட்டத்தில் நம் தோட்டத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன். உன் பெயரைச் சொல்லலாமா என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். இரண்டு வரி போதும்.

உன் தம்பி,
நாகரத்தினம்


கிளென்மோர் எஸ்டேட்,
11 பிப்ரவரி 1979

தம்பிக்கு,

நான் சுகம். வேலை அதிகம், அதனால் எழுதவில்லை. மாமா வெளிவேலையில் இருக்கிறார். என் பெயரைத் தாராளமாகச் சொல். நல்ல பெயர்தானே.

திலகம்


கோலாலம்பூர்,
29 ஏப்ரல் 1979

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தத் தடவை சுகம் விசாரித்துத் தொடங்க எனக்கு மனம் வரவில்லை.

பழனியப்பன் கிராணி இங்கே மகளைப் பார்க்க வந்தவர் என் ஆபீசுக்கும் வந்தார். "ஒங்க மாமா அன்னிக்கு எறங்குனவருதான் தம்பி, வூட்டுக்கே வரல. ஒங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்" என்றார். ஆறு மாதம்! வெளிவேலை என்று ஒரு வரியில் எழுதிவிட்டாயே அக்கா. நானும் அதைப் படித்துவிட்டுச் சிங்கப்பூர் போய் உன் பெயரைச் சொல்லிக் கைத்தட்டல் வாங்கிக்கொண்டு வந்தேன்.

மாமா லெம்பா பெர்த்தாமில் இருப்பதாகவும் அவர்தான் சொன்னார், அடுத்த பஸ்ஸிலேயே கிளம்பி நேரே அங்கே போனேன். ஒரு சீனத் தவுக்கே முதலாளியின் கோஸ் தோட்டத்தில் தகரக் கொட்டகையில் இருக்கிறார். இளைத்துவிட்டார். என்னை உட்காரவைத்துக் கோப்பி கலக்கிக் கொடுத்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், தடுத்துவிட்டார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அவ வேலைய நான் குத்தம் சொல்லல மாப்ள. நல்லாத்தான் பாக்குறா. பசங்க கேலியக்கூடத் தாங்கிட்டேன். சீதா கூப்ட்டா, இருக்கேன்னு சொல்லிட்டுத்தானே இருந்தேன்? அன்னிக்கு நீ நின்ன, கோட்டு போட்டவனுங்க நின்னானுங்க. அவ என்னைப் பாக்கல. ஒன்னையப் பாத்துக்கிட்டு எம்பேரச் சொன்னா. பதில் சொல்ல நாக்குதான் இருந்துச்சு, மனசு இல்ல."

வீட்டுக்கு வாங்க மாமா என்று கெஞ்சினேன். என் கோப்பையை வாங்கிக் கழுவி வைத்துவிட்டு, "அந்தப் பேரு கூப்புடுற வேலைய வுட்டுட்டு, அவளா வந்து ஒரு வார்த்த சொன்னா வரேன். இங்கயும் ரொம்ப நாள் இருக்க மாட்டேன்" என்றார்.

உன் முகத்தில் விழிக்கத் தைரியம் இல்லாமல் அப்படியே பஸ் ஏறிவிட்டேன். புதிதாக எழுதும் அறிக்கைகளில் கணவனும் மனைவியும் ஒரே கும்பலில் இருக்கக் கூடாது என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். ஏன் என்று கூட்டத்தில் கேட்டார்கள். நிர்வாக வசதிக்காக என்றேன்.

அந்த வேலை உனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் விடு என்றும் சொல்ல மாட்டேன், விடாதே என்றும் சொல்ல மாட்டேன். போதும் நான் சொன்னது.

நாகரத்தினம்


கிளென்மோர் எஸ்டேட்,
10 ஜூன் 1979

அன்புத் தம்பிக்கு,

உடம்பு சுகம்தான். நீ நேரத்துக்குச் சாப்பிடுவதில்லை என்று பழனியப்பன் கிராணி சொன்னார். அப்படிச் செய்யாதே.

உன் கடிதம் கிடைத்ததும் எனக்கு உன்மேல் வந்த கோபத்தைவிட மாமாமேல்தான் அதிகம் வந்தது. என் வாழ்க்கையில் எனக்கென்று கிடைத்தது அந்த ஒன்றுதான், அதை விட்டுவிட்டு வா என்று சொல்ல ஒரு மனிதருக்கு எப்படி மனம் வரும்? போய்ப் பார்ப்பதே இல்லை என்று இருந்தேன். ஆனால் அவர் சொன்னது பொய்யில்லை தம்பி. அன்று அவர் முகத்தைப் பார்த்தால் எனக்குப் பெயர் வராது. அதனால்தான் உன்னைப் பார்த்தேன். சரியாகச் சொல்லிவிட்டேனா என்றும் உன் முகத்தைத்தான் பார்த்தேன். திரும்பியபோது கூடை மட்டும் இருந்தது.

இத்தனை நாளாகியும் இரண்டு பேருக்குத்தான் உலை வைக்கிறேன். கை அப்படிப் பழகிவிட்டது. எனக்கு அவர் வேண்டும் தம்பி. அதை யோசித்து யோசித்துப் பார்த்து, போன புதன்கிழமை துரையிடம் போய் இந்த வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் எவ்வளவோ சொன்னார். பெண்கள் அழுதார்கள். திங்கட்கிழமையிலிருந்து வாசிக்கச் சீதாவைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

இன்று ஞாயிற்றுக்கிழமை காய்கறி ஏற்றிக்கொண்டு அவர் பிரிஞ்சாங்குக்கு வருவார் என்று கேள்விப்பட்டுப் போனேன். இனிமேல் உங்கள் பெயரை என் வாயால் சொல்ல மாட்டேன், வீட்டுக்கு வாங்க என்று சொல்ல வேண்டும். பஸ்ஸில் வழியெல்லாம் அதைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

சந்தையில் கால் வைக்க இடமில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு லோரி புறப்பட நின்றது. அதன் பின்னால் அவர் ஏறிக்கொண்டிருந்தார். கையில் துணி மூட்டை. எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தார். "இந்தாங்க!" என்று கத்தினேன். எனக்குத் தொண்டை இருக்கிறது என்பார்களே, அத்தனையையும் திறந்து கத்தினேன். வேறு இரண்டு ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் திரும்பவில்லை. சந்தையில் எத்தனையோ பெண்கள் இந்தாங்க, இந்தாங்க என்றுதான் கத்துகிறார்கள், அது தனக்கு என்று அவருக்கு எப்படித் தெரியும்?

பெயரைச் சொல்லியிருந்தால் திரும்பியிருப்பார். நிச்சயம் திரும்பியிருப்பார். ஆனால் அதை இனிச் சொல்ல மாட்டேன் என்று சொல்லத்தானே போயிருந்தேன். அதைச் சொல்லியா கூப்பிடுவது? முன்னே ஓடினேன், கூட்டம் விடவில்லை. லோரி வளைவில் இறங்கிவிட்டது.

கோஸ் இறக்கிக்கொண்டிருந்த ஆளிடம் கேட்டேன். "கணக்கு முடிச்சிட்டாரு அக்கா. ஜொகூர் பக்கம் ஏதோ ரப்பர் தோட்டமாம், பேரு சொல்லல" என்றான். நீ தேடிக்கொண்டு போகாதே. நீ போய்க் கூட்டி வந்தால், அதுவும் நீ சொல்லி வந்ததாகத்தான் இருக்கும்.

நீ செய்தது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். வேலம்மாவை இப்போதும் எல்லோரும் வேலம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். உன் வேலையை விட்டுவிடாதே.

நாளைக் காலைப் பெரட்டில் சீதா வாசிப்பாள். மற்றவர்களோடு நானும் வரிசையில் நிற்பேன். என் பெயர் வரும்போது இருக்கிறேன் என்று சொல்ல வேண்டும்.

உன் அக்கா,
திலகம்